குடல்வால் கட்டி: ஆறு வாரம் ஏன் காத்திருக்கச் சொல்கிறார்கள்?

கேள்வி: 44 வயதான என் தம்பி, வலது அடிவயிற்று வலிக்கு ஐந்து நாட்கள் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டான். பிறகு ஸ்கேனில் குடல்வாலைச் சுற்றிக் கட்டியும் சீழும் இருப்பது தெரிந்தது. குழாய் வைத்துச் சீழை வடித்து, ஆண்டிபயாடிக் கொடுத்து, ஆறு வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். புதுச்சேரிக்கு அழைத்துப்போய் உடனே ஆபரேஷன் செய்துவிடலாமா? (வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்)

பதில்: தாங்கள் கூறுவதைப் பார்த்தால், இந்தக் காத்திருப்பு அலட்சியமன்று, அதுவே சிகிச்சையின் ஒரு பகுதி. குடல்வால் அழற்சி சில நாட்கள் நீடிக்கும்போது, வயிற்றுக்குள் திரைபோல் தொங்கும் கொழுப்பு மடிப்பும் அருகிலுள்ள சிறுகுடலும் அதைச் சூழ்ந்து ஒட்டிக்கொண்டு, கிருமி வயிறு முழுவதும் பரவாமல் தடுக்கின்றன. நாம் தொட்டுணரும் கட்டி அதுதான். அந்த நிலையில் திசுக்கள் வீங்கி நைந்திருப்பதால், அவற்றைப் பிரித்தெடுக்க முயலும்போது குடலில் துளை விழலாம். பெருங்குடலின் தொடக்கப் பகுதியையே வெட்டி எடுக்க நேரலாம். குடல்வால் வெடித்துச் சீழ் வயிறெங்கும் பரவியவருக்கு நிலைமை வேறு. அவருக்கு அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது.

ஆனால், வலி நின்றுவிட்டதே என்று ஆறு வாரம் கழித்துப் போகாமல் இருந்துவிடுவதுதான் நான் மிகவும் அஞ்சுவது. இளம் வயதினருக்குத் தொந்தரவு திரும்பவில்லையெனில் அறுவை சிகிச்சை தேவைப்படாமலும் போகலாம். நாற்பதைக் கடந்தவருக்கு அப்படி விட்டுவிடக் கூடாது. குடல்வாலிலோ பெருங்குடலின் தொடக்கத்திலோ உள்ள புற்றுநோய் இதே கட்டியின் தோற்றத்தில் மறைந்திருக்கக்கூடும். ஆகவே கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியும் தேவைப்பட்டால் மீண்டும் சி.டி. ஸ்கேனும் செய்யும்படி தாங்களே கேளுங்கள். அழற்சி அடங்கிய பின் குடல்வாலை அகற்றுவது பெரும்பாலும் வயிற்றில் சிறு துளைகள் இட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையிலேயே முடிந்துவிடும். அகற்றியதைப் பயாப்சிக்கு அனுப்பி, அதன் முடிவையும் கேட்டு வாங்குங்கள்.

இடைப்பட்ட நாட்களில் காய்ச்சல், வலி அதிகரித்தல், வாந்தி, வயிறு உப்புதல், கட்டி பெரிதாதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் ஆறு வாரக் கணக்கைப் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சளியோடு அடிக்கடி மலம் கழிந்தால் இடுப்புக் குழிக்குள் சீழ் தேங்கியிருக்கலாம். அதைச் சாதாரண வயிற்றுப்போக்கு என்று நினைத்து மாத்திரை கொடுக்காதீர்கள். குளிர் நடுக்கத்தோடு கண் மஞ்சளானால், கல்லீரலுக்குச் செல்லும் இரத்தக்குழாயில் கிருமி பரவியிருக்கக்கூடும். அது அரிது, ஆனால் உயிருக்கே ஆபத்தானது.

இரண்டாவது கருத்துக்காகப் புதுச்சேரி ஜிப்மருக்குச் செல்வதில் தவறில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் படங்களையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். முதல் நாள் கட்டி எவ்வளவு இருந்தது என்பதை வைத்துத்தான் அது கரைகிறதா என்று அங்குள்ளவர்கள் முடிவு செய்ய முடியும்.