வயிற்று ஸ்கேனில் பிளாஸ்டிக் தெரியுமா?

கேள்வி: எங்கள் மூன்றாம் ஈற்று ஜெர்சி கலப்பினப் பசுவுக்கு மூன்று வாரமாக வயிறு உப்புவதும் வடிவதுமாக இருக்கிறது. 11 லிட்டர் கறந்தது இப்போது 5 லிட்டர். அசை போடுவதும் குறைந்துவிட்டது. கேஸ் பவுடர், எண்ணெய் எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டோம். பிளாஸ்டிக்கோ கம்பியோ இருக்கலாம் என்கிறார் டாக்டர். சினை பார்க்க ஸ்கேன் மெஷினோடு வருபவர், அதிலேயே வயிற்றையும் பார்க்கலாம், 1,500 ரூபாய் என்கிறார். பார்க்கலாமா? தீவனம்: ஓட்டல் மீதி, வைக்கோல், பருத்திப் பிண்ணாக்கு. காலையில் கொஞ்ச நேரம் அவிழ்த்து விடுவோம்.
– ஒரு வாசகர், செங்குன்றம்

பதில்: அவரிடம் பார்க்க வேண்டாம். ஆசனவாய் வழியே சினை பார்க்கும் புரோப் (ஒலி அலை அனுப்பும் கைக்கருவி) 5 முதல் 7.5 மெகாஹெர்ட்ஸ், சில அங்குல ஆழம்தான் காட்டும். வயிற்றுக்கு 3.5 மெகாஹெர்ட்ஸ் அளவில், முகப்பு வளைந்த புரோப் வேண்டும்.

எந்த மெஷினாக இருந்தாலும் பிளாஸ்டிக் தெரியாது. பெருவயிற்றில், அதாவது தீவனம் ஊறும் பெரிய அறையில், உள்ள வாயு ஒலி அலையைத் திருப்பிவிடும். கம்பிக்கு எக்ஸ்ரேதான். கம்பி குத்தியதால் வந்த சேதத்தைத்தான் ஸ்கேன் காட்டும்: சீழ்க்கட்டி, வலைவயிற்றை (இதயத்தை ஒட்டி முன்னால் இருக்கும் சிறிய வயிற்று அறை) சுற்றிய நீர், உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது, இதய உறைக்குள் நீர். எருமையாக இருந்தால் உதரவிதானம் கிழிந்து வலைவயிறு நெஞ்சுக்குள் ஏறியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். முன்னங்கால்களுக்குப் பின்னால், நெஞ்சின் அடியில் இரண்டு பக்கமும் முடியை மழித்து, சோப்பு போட்டுக் கழுவி, ஜெல் தடவிப் பார்க்க வேண்டும். மாடு நின்றபடி இருக்கட்டும். முரண்டு பிடிக்கிறதே என்று சைலசின் என்ற மயக்க ஊசி போட்டால் வலைவயிற்றின் அசைவே அடங்கிவிடும், கணக்கு தப்பிப்போகும். நல்ல மாட்டில் அது நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டையாகச் சுருங்கும்: முதலில் பாதி, உடனே முழுதாக. நான்கைந்து நிமிடம் எண்ணாமல் ஒரு படத்தை மட்டும் எடுத்துத் தந்தால் அந்த ரிப்போர்ட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சுருக்கம் குறைந்தாலே கம்பி என்றும் முடிவு கட்டாதீர்கள். கால்சியம் குறைந்தாலும் இப்படி மந்தமாகும்.

போகும் முன் வீட்டிலேயே மூன்று விஷயம் பாருங்கள். திமிலுக்குப் பின்னால் முதுகைக் கிள்ளிப் பிடித்தால் நல்ல மாடு முதுகைத் தாழ்த்தும். வலியுள்ளது விறைத்து நிற்கும், முனகும். சரிவில் இறங்கத் தயங்குகிறதா? அலைதாடி வீங்கி, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறதா? கடைசியது இருந்தால் கம்பி இதயம் வரை போயிருக்கலாம்; அப்போது பிழைப்பது கடினம்.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது ஓட்டல் மீதியைப் பற்றி. நம் ஊர்ப் பார்சலை ஒரு தரம் பிரித்துப் பாருங்கள். சாம்பாரும் சட்னியும் பாலித்தீன் பொட்டலத்தில், வாயில் இறுக முடிச்சு, மேலே ரப்பர் பேண்ட். இட்லிப் பொட்டலத்தில் ஸ்டேப்ளர் பின். பல் குச்சி வேறு. மாடு நாக்கால் சுருட்டி விழுங்கும், உதட்டால் பொறுக்காது. உப்பும் புளியும் மணக்கும் பொட்டலம் முடிச்சோடு உள்ளே போய் மற்றதோடு பின்னிக் கயிற்றுப் பந்தாகிவிடும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. ஓட்டல் மீதி வரும் டிரம்முக்குள் தடை எட்டவில்லை. அவிழ்த்து விடும் இடத்தில் கட்டடம் எழும்பினால் கட்டுக்கம்பித் துண்டும் கிடக்கும். மீதிச் சோறு நிறைய போனால் பெருவயிறு புளித்து, அதுவும் தனியாக உப்புசம் தரும். டிரம்மை இன்றே நிறுத்துங்கள். நிறுத்த முடியாது என்றால் தரையில் கொட்டிப் பரப்பி, கையால் கிளறிப் பொறுக்கிய பிறகே தொட்டிக்குப் போகட்டும். கிழிந்த டயர் தொட்டியையும் மாற்றுங்கள், அதன் ஓரத்துக் கம்பியும் மாட்டைக் கொல்லும்.

பிளாஸ்டிக்கைக் கரைக்கும் பவுடர் என்று மருந்துக்கடையில் நீட்டினால் வாங்காதீர்கள். பாலித்தீனைக் கரைக்கும் மருந்து கிடையாது. இடது விலாவைத் திறந்து பெருவயிற்றிலிருந்து கையால் எடுப்பதுதான் வழி. மரத்துப்போகும் ஊசியோடு நின்றபடியே செய்வார்கள். மாடு கொஞ்சமாவது தின்னும்போதே செய்தால் தேறும். மாதக் கணக்கில் டானிக் ஊற்றி எலும்பும் தோலுமாக்கிக் கொண்டு போவதுதான் ஆபத்து.

மற்ற மாடுகளுக்கு, ஒரு வயது தாண்டிய கிடேரிக்கும், டாக்டரிடம் சொல்லி வயிற்றுக் காந்தம் (விழுங்க வைத்தால் வலைவயிற்றில் தங்கும் காந்தம்) போடுங்கள். இரும்பை அது பிடித்து வைக்கும். பிளாஸ்டிக்கையும் செம்புக் கம்பியையும் பிடிக்காது. விலைக்கு வாங்கிய மாட்டுக்கு ஏற்கெனவே போட்டிருக்கிறதா என்று தெரியாவிட்டால், இடது முழங்கைக்குப் பின்னால் நெஞ்சோரம் திசைகாட்டியைப் பிடியுங்கள். முள் திரும்பினால் உள்ளே இருக்கிறது, இரண்டாவது வேண்டாம்.