ரஸ்தாளி வாழையில் வாடல்: ஹார்மோன் அடித்தால் மரம் தப்புமா?

குளித்தலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: “ஒன்றரை ஏக்கர் ரஸ்தாளி, ஐந்தாம் மாதம். அடி இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு மடிந்து தண்டைச் சுற்றித் தொங்குகிறது. சாலிசிலிக் அமிலம் அடித்தால் எதிர்ப்புச் சக்தி வரும் என்று மருந்துக் கடையில் சொல்கிறார்கள். அடிக்கலாமா ஐயா?”

வேண்டாம் தம்பி. முதலில் ஒரு மரத்தைத் தோண்டி, கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெள்ளைச் சதையில் செம்பழுப்பாகப் புள்ளியும் கோடும் தெரிந்தால் அது பியூசேரியம் என்ற மண் பூஞ்சையால் வரும் வாடல்தான். நீர் ஏறும் குழாயையே பூஞ்சை அடைத்துவிட்டது, இனி இலையில் எதை அடித்தும் அந்த மரம் மீளாது.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. சாலிசிலிக் அமிலம், ஜாஸ்மோனிக் அமிலம், எத்திலீன் எல்லாம் செடி தானே சுரக்கும் ஹார்மோன்கள். பூஞ்சை நுழைந்துவிட்டது என்று மற்ற பாகங்களுக்குச் சேதி சொல்பவை. சேதி வந்த பிறகு செல்சுவரைத் தடிப்பாக்குவதும், பூஞ்சையின் சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரப்பதும் செடியின் வேலை, அதற்கு அவகாசம் வேண்டும். அதிலும் சாலிசிலிக்கைத் தூண்டினால் பல நேரம் ஜாஸ்மோனிக் அடங்கிப்போகும். இதையெல்லாம் சொல்லாமல், உள்ளே என்ன சதவீதம் என்றுகூட அச்சிடாத டானிக்கைத் தலையில் கட்டுகிறவர்கள் உங்கள் பயத்தைக் காசாக்குகிறார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. கன்று எங்கே எடுத்தீர்கள்? வாடல் வந்த தோட்டத்துக் கன்று பார்வைக்குப் பச்சையாகத்தான் இருக்கும், நோய் கிழங்கோடு வந்து சேரும். நான் பார்த்தவரை பாதிப் பேர் விலை குறைவு என்று வண்டியில் வந்த கன்றை வாங்கி, சீவிக்கூடப் பார்க்காமல் நட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு கிழங்கையும் வேர் நீக்கி, மேல்தோல் சீவி, பழுப்பு தெரிந்தால் தயங்காமல் ஒதுக்குங்கள். நடும்போதே சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவைத் தொழுவுரத்தோடு குழியில் போடுங்கள். அந்தப் பாக்டீரியா வேரில் குடியேறி, ஜாஸ்மோனிக், எத்திலீன் வழியாகச் செடியை முன்கூட்டியே உஷார்படுத்தி வைக்கும். நீங்கள் தேடுகிற ஹார்மோன் வேலை இதுதான், பூஞ்சைக்கு முன்னால் அது போய்ச் சேர வேண்டும்.

இப்போதைக்கு நோய்கண்ட மரத்தைக் கிழங்கோடு எடுத்து அழித்து, குழிக்கு 1 முதல் 2 கிலோ சுண்ணாம்பு போடுங்கள். அந்தக் குழித் தண்ணீர் நல்ல மரத்துக்குப் போகாதபடி மடையைத் திருப்புங்கள். மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த வரிசைக்குப் போகாதீர்கள். அப்புறம், இந்தப் பூஞ்சை மண்ணில் பல வருடம் கிடக்கும், அதனால் பக்கக் கன்றை வளர்த்து மறுதாம்பு விடவே வேண்டாம். அடுத்து நெல் போடுங்கள், மறுபடி வாழைதான் என்றால் இந்த வாடலைத் தாங்கும் பூவன் ரகம் வையுங்கள்.