ஓலைச்சுவடி அறைக்கு ஏசி தேவையா?

கேள்வி: திருவையாறு பக்கம் எங்கள் பூர்வீக வீடு. சுண்ணாம்புக் காரைச் சுவர், மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய) மேல்தளம். தாத்தா சேர்த்த ஓலைச்சுவடிகளும் பழைய கணக்கு நோட்டுகளும் மர அலமாரியில் இருக்கின்றன. ஐப்பசி பிறந்தாலே பூஞ்சை பூக்கிறது. ஏசி போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் சுவடிகளைக் கெடுப்பது ஈரம்தான்; சூடு இரண்டாம்பட்சம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும். பகலில் ஏசியை ஓட்டி இரவில் நிறுத்தினால், குளிர்ந்து கிடக்கும் ஓலையில் வெளி ஈரக்காற்று வந்து படியும். தினமும் இப்படி ஏறி இறங்கினால் ஓலை விரிந்து சுருங்கி வெடிக்கும்.

முதலில் ஒரு டிஜிட்டல் ஈரமானி வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். சமையல் உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து ஒரு மூடியில் வைத்து, மானியோடு சேர்த்து இறுக மூடும் டப்பாவில் ஓர் இரவு விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். எவ்வளவு பிசகுகிறதோ அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஜன்னல். பெரும்பாலான பழைய வீடுகளில் தவறு நடக்கும் இடம் இதுதான். காற்றோட்டம் இருந்தால் ஈரம் போய்விடும் என்று பகல் முழுக்கத் திறந்து போடுகிறார்கள். வெளியே 33 டிகிரி, ஈரப்பதம் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். தடித்த சுவருக்குள் உங்கள் அறை 28 டிகிரியில் இருக்கிறது. அந்தக் காற்று உள்ளே வந்து ஆறியதும் ஈரப்பதம் 80க்குப் போய்விடும். காற்றில் உள்ள நீர் அதேதான், ஆறிய காற்றால் அவ்வளவு நீரைத் தாங்க முடியாது. டியூ பாயின்ட் (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) காட்டும் மானி கிடைத்தால் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று வையுங்கள். வெளி எண் குறைவாக இருக்கும் நேரத்தில் மட்டும் திறங்கள். மற்ற நேரம் மூடியே இருக்கட்டும், உள்ளே ஒரு மின்விசிறி மெதுவாகச் சுற்றட்டும்.

மேல்தளத்தில் கசிவு, அடைத்த தூம்பு இருந்தால் மழைக்கு முன் சரிசெய்யுங்கள். சுவரின் அடிப்பகுதியில் யாராவது சிமெண்ட் பூசியிருந்தால் அதைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசச் சொல்லுங்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் சிமெண்டில் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே போகும். அலமாரி வெளிச்சுவரிலிருந்து அரையடி தள்ளி, கால் உயர்த்தி நிற்கட்டும். உள்ளே குண்டு பல்பு எரியவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், தீப்பிடிக்கும். வசம்பும் கற்பூரமும் பூச்சியைத் தடுக்கும்; ஈரத்தைக் குறைக்காது.

ஐப்பசி, கார்த்திகைக்கு மட்டும் காற்றின் ஈரத்தை இழுக்கும் ஒரு டிஹியூமிடிஃபையர் போதும். கதவு, ஜன்னலைச் சாத்தி, 60இல் வைத்து ஓட்டுங்கள். ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் எத்தனை ஊர்கள் மின்சாரமே இல்லாமல் கிடந்தன! அதனால் அரிய சுவடிகளைத் துணியில் சுற்றி, ரப்பர் விளிம்பு வைத்த இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பையோடு வையுங்கள். நிறம் மாறியதும் ஜெல்லைச் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம். பெட்டிக்குள்ளும் ஒரு சிறு மானி இருக்கட்டும்: 40க்குக் கீழே போனால் ஓலை நொறுங்கும், ஒரு பையை எடுத்துவிடுங்கள்.

ஈரச் சுவடியை ஒருபோதும் பெட்டியில் அடைக்காதீர்கள். பூஞ்சை பூத்தவற்றை உடனே தனியே பிரித்து, வெயில் படாமல் நிழலில் விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு, அறைக்கு வெளியே மென்தூரிகையால் துடையுங்கள். ஓலையில் பூசிய மை உதிர்வது தெரிந்தால் தூரிகையும் வேண்டாம். சுவடிப் பாதுகாப்பு கற்றவரிடம் அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள்.