நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் விலகுவது குறித்து

வணக்கம். நோட்டீஸ் காலம் 90 நாள் இருக்க, புதிய நிறுவனம் 30 நாளில் சேரச் சொல்வதால், சொல்லாமல் நின்றுவிட்டு இந்த ஏழு மாத வேலையைப் பயோடேட்டாவில் காட்டாமல் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பி.எஃப். பிடித்திருந்தால், எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள் என்பது உங்கள் யூஏஎன் (எல்லா பி.எஃப். கணக்குகளுக்கும் பொதுவான எண்) பணி வரலாற்றில் பதிவாகியிருக்கும். பின்னணிச் சரிபார்ப்பில் அதைக் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. சம்பளத்தில் வரி பிடித்திருந்தால் 26ஏஎஸ் என்ற வரிப்பிடித்த விவரப் படிவத்திலும் நிறுவனத்தின் பெயர் நிற்கும். கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து விலகிய தேதியை பி.எஃப். தளத்தில் நாமே பதியலாம் என்பது உண்மைதான், ஆனால் அது நிறுவனம் முறைப்படி விடுவித்ததாகத் தரும் ரிலீவிங் கடிதத்துக்கு ஈடாகாது. ஏழு மாதத்தில் விலகியதை எவரும் மன்னிப்பார்கள், மறைத்ததை மன்னிக்க மாட்டார்கள்.

நியமனக் கடிதத்தை எடுத்து, மீதி நாட்களுக்கான சம்பளத்தைக் கட்டிவிட்டு விலக விதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அத்தொகையை ஏற்க முடியுமா என்று புதிய நிறுவனத்திடமே கேட்கலாம் (பலர் இதற்குக் கூச்சப்படுகிறார்கள், தேவையே இல்லை). மேலாளரிடம் வாய்மொழியாகப் பேசி முடித்ததை அன்றே மின்னஞ்சலில் உறுதிப்படுத்திக்கொண்டு, எந்த வேலையை யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்பதற்கும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். அதன்பிறகும் விடுவிக்க மறுத்தால், சேரும் தேதியைத் தள்ளிவைக்கக் கேளுங்கள்.