பதில்: ஆசிரியர் பெயரில் ஒரு சிறுகோள், பணம் கட்டலாமா?

கட்டாதீர்கள். ஓய்வுபெறும் ஆசிரியருக்குப் பரிசாகத் தர நினைத்தது நல்ல மனசு, ஆனால் சிறுகோள் பெயர்கள் விற்பனைக்கு இல்லை. பணம் வாங்கிக்கொண்டு பெயர் வைப்பதாகச் சொல்லும் அந்த இணையதளம் அனுப்பும் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டலாம், அவ்வளவுதான்.

முறை இதுதான். புதிதாகக் கண்ட சிறுகோளுக்கு முதலில் தற்காலிகக் குறியீடுதான். பல வருடம் கவனித்து, அதன் பாதை உறுதியான பிறகே நிரந்தர எண் வரும். அதிலிருந்து 10 ஆண்டுகளுக்குப் பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கு. ஒப்புதல் தருவது சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு.

பெயர் ஆங்கில எழுத்தில் 16-க்குள், இடைவெளியும் சேர்த்து, அடங்க வேண்டும். சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்தின் பெயர் 4538 என்ற எண்ணுள்ள சிறுகோளில் 'விஷிஆனந்த்' என்று சுருங்கிப்போனது இந்தக் கணக்குக்குப் பொருந்துகிறது. அரசியல், ராணுவத்தால் அறியப்பட்டவர் என்றால், இறந்து 100 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். வணிகப் பெயருக்கு இடமே இல்லை. செல்லப்பிராணி பெயர்களையும் விரும்புவதில்லை; 2309 என்ற சிறுகோளுக்கு 'மிஸ்டர் ஸ்பாக்' என்று பெயர் வைத்தவர் தன் பூனையை நினைத்துத்தான் வைத்தார், அது கொஞ்சம் சலசலப்பை உண்டாக்கியது!

ஆசிரியர் என்பது தடையே இல்லை. சிறுகோள் கண்டுபிடித்த யாராவது உங்களுக்குத் தெரியுமா? அவரிடம் ஆசிரியர் செய்த பணியைச் சில வரிகளில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். பெயரோடு அப்படி ஒரு சிறு குறிப்பும் வெளியாகும். ஆனால் ஓய்வுபெறும் நாளுக்குள் நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.