லேப்டாப்ல நின்ன பூட்டு கடை சர்வர்ல ஏன் நிக்கல?

குடியாத்தத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "லுங்கி மொத்தக் கடை ஒண்ணுக்கு சி ஷார்ப்ல பில்லிங் எழுதிக் கொடுத்தேன் சார். பில் நம்பர் எடுக்குற இடத்துல 'லுங்கிபில்'னு பேர் வச்சு ஒரு மியூட்டெக்ஸ், அதாவது ஒரு நேரத்துல ஒருத்தர மட்டும் உள்ள விடுற பூட்டு, போட்டிருக்கேன். என் லேப்டாப்ல ரெண்டு தடவ திறந்து பாத்தா ஒண்ணு முடியற வரைக்கும் இன்னொண்ணு நிக்குது. கடைல விண்டோஸ் சர்வர், ரெண்டு பேர் ரிமோட் டெஸ்க்டாப்ல பில் போடுறாங்க, அங்க மட்டும் 1042 ரெண்டு வாட்டி வருது, ஓனர் கத்துறாரு."

நீங்க போட்ட கோடு சரிதான் தம்பி, அந்தப் பேருதான் காலை வாருது. வேலூர்ல யார்கிட்டயாவது "முதல் குறுக்குத் தெரு எங்க"ன்னு கேட்டுப் பாருங்க, எந்த நகர்னு திருப்பிக் கேப்பாங்க, ஏன்னா நகருக்கு நகர் ஒரு முதல் குறுக்குத் தெரு இருக்குது. விண்டோஸும் அப்படித்தான், லாகின் பண்ற ஒவ்வொரு செஷனுக்கும் பேர் வைக்க தனி இடம் கொடுத்திருக்கான், நீங்க வெறும் 'லுங்கிபில்'னு சொன்னா அந்தந்த செஷனுக்குள்ளயே தேடிட்டு இல்லன்னா புதுசா ஒண்ணு பண்ணிடுவான், எரர் எதுவும் வராது. லேப்டாப்ல நீங்க ரெண்டையும் ஒரே செஷன்ல திறந்தீங்க, அதான் நின்னுச்சு. கடைல ரெண்டு பேரும் தனித்தனி லாகின், ரெண்டு செஷன், அதான் பூட்டும் ரெண்டா ஆயிடுச்சு. நம்பலன்னா இந்தப் பேரையெல்லாம் காட்டுற வின்ஆப்ஜ்னு ஒரு டூல் இருக்கு, அட்மினா திறந்து 'செஷன்ஸ்' ஃபோல்டருக்குள்ள பாருங்க, செஷன் நம்பர் 2-க்குள்ள ஒரு லுங்கிபில், 3-க்குள்ள இன்னொரு லுங்கிபில்னு உக்காந்திருக்கும்.

பேருக்கு முன்னாடி 'குளோபல்'னு போட்டு ஒரு பேக்ஸ்லாஷ் வைங்க, மெஷின் முழுக்க ஒரே பூட்டு ஆயிடும். பேர்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு, அந்த பேக்ஸ்லாஷ் தவிர வேற பேக்ஸ்லாஷ் கூடாது. ஈவென்ட், செமஃபோர்னு புரோகிராமைக் காக்க வைக்கிற மத்த கருவிங்க எல்லாம் இதே பேர்ப்பட்டியல்லதான் வருது, அதனால ஏற்கனவே ஒரு ஈவென்ட்டுக்கு வச்ச பேரை மியூட்டெக்ஸுக்கும் வச்சா எரர் 6 வாங்குவீங்க.

இத மாத்தின உடனே அடுத்த தலைவலி வரும், இப்பவே சொல்லிடுறேன். ஓனர் அட்மினா லாகின் பண்ணி முதல்ல திறந்தாருன்னா, பூட்டோட பர்மிஷன் அவர் கணக்குப்படி அமையும், அப்புறம் பில் போடுற பையன் சாதா யூசர்ல திறந்தா எரர் 5, ஆக்சஸ் டினைட். பூட்டை உருவாக்கும்போதே மத்த யூசரும் காத்திருக்கலாம், விடுவிக்கலாம்னு பர்மிஷன் எழுதிடுங்க. நான் ஒரு தோல் கம்பெனி வேலைல இத மறந்துட்டு ராணிப்பேட்டைக்கும் வேலூருக்கும் மூணு நாள் பஸ்ல அலைஞ்சேன்.

பூட்டை கைல வச்சிருக்கும்போதே புரோகிராம் கிராஷ் ஆனா விண்டோஸ் அடுத்தவனுக்கு பூட்டைக் கொடுத்துடும், கூடவே 'அபாண்டன்ட்' (முன்னாடி ஆளு விடுவிக்காம போன பூட்டு)னு சொல்லும், சி ஷார்ப்ல அது எக்ஸப்ஷனா வரும். அத சும்மா கேட்ச் பண்ணி விட்டுடாதீங்க, முன்னாடி ஆளு பாதி எழுதிட்டுப் போயிருக்கலாம், கடைசி பில்லை செக் பண்ணுங்க. லினக்ஸ்ல பேர் வச்ச செமஃபோர் இந்த உதவி கூட பண்ணாது, புரோகிராம் செத்தாலும் அது அப்படியே கெடக்கும், அங்க ஃபைல் மேல போடுற பூட்டான எஃப்லாக்தான் நல்லது.

ஆனா ரவ யோசிங்க, நாளைக்கு ஓனர் குடோன்ல இன்னொரு கம்ப்யூட்டர் வைப்பாரு, வைக்காம இருக்க மாட்டாரு. மியூட்டெக்ஸ் எப்படிப் பேர் வச்சாலும் ஒரு மெஷினைத் தாண்டாது. அதனால பில் நம்பர் வேலைய டேட்டாபேஸ்கிட்ட விட்டுடுங்க: டேபிள்ல பில் நம்பர் இருக்குற பத்திக்கு, ஒரே நம்பர் ரெண்டு தடவ ஏறாம தடுக்குற யுனிக் இண்டெக்ஸ், நம்பர் எடுக்குறதும் பில் எழுதுறதும் ஒரே டிரான்சாக்ஷன்ல, அதாவது நடந்தா ரெண்டும் நடக்கணும், இல்லன்னா ரெண்டும் நடக்கக் கூடாது. அது வரைக்கும் கடைக்கு இன்னைக்கு குளோபல் போட்டு அனுப்புங்க, ஆனா டெஸ்ட் பண்ணும்போது ரெண்டு லாகின் வேணும், ஒண்ணு அட்மின், ஒண்ணு சாதா யூசர்.