மாடி ஹாலில் நாலு குழு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போன சனிக்கிழமை கே.கே. நகர் பக்கம் ஒரு மாடி ஹாலில் நாலு உள்ளூர்க் குழுக்கள் வாசித்தன. ஒன்று ராக், ஒன்று கானாவும் ராப்பும், ஒன்று பறை, அப்புறம் கிதாரோடு தனியாக ஒரு பெண். எல்லாமே சொந்தப் பாட்டு. எண்பது பேர்தான் வந்திருந்தோம். மதுரையில் இதெல்லாம் எடுபடுமா சார்?
(கல்லூரி மாணவர், செல்லூர்)

பதில்: எடுபட்டதே தம்பி, நானும் பின்சுவரோரம் நின்று பார்த்தேனே. சித்திரைத் திருவிழாவில் அழகரை வரவேற்கும் எதிர்சேவை அன்றைக்குத் தல்லாகுளத்தில் ஒரு பக்கம் நாதஸ்வரம், ஒரு பக்கம் கொட்டு, மண்டகப்படிக்கு மண்டகப்படி ஒரு மைக்செட் என்று எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் கேட்டுப் பழகின காது நம்முடையது. 2018 ஜனவரியில் சென்னையில் முதல்முறை மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானா, ராப், ராக் எல்லாவற்றையும் ஒரே குழுவுக்குள் கொண்டுவந்தது. 2021 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' என்கிற இசை விழா நம்ம ஊரிலேயே நடந்தது. ஆனால் எனக்கு இந்த மாடி ஹால்தான் பிடித்திருக்கிறது. பாடுகிறவர் மூச்சிழுப்பது கேட்கிறது, ராப் பாடிய பையன் வரி மறந்து நின்றபோது முன்னால் இருந்த யாரோ அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார்கள், பெரிய மைதானத்தில் இது எங்கே நடக்கும்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். சாயங்கால மழை ஈரத்தில் பறைத்தோல் தொய்ந்து, அடி மழுங்கலாக விழுந்தது. சூட்டில் ஈரம் போய் இறுகினால்தான் பறை கணீரென்று பேசும். மொட்டை மாடிக்குப் போய்க் காகிதம் கொளுத்திக் காய்ச்சிக்கொண்டு வந்தார்கள், அதுவரைக்கும் அந்தப் பெண் திரும்பி வந்து இன்னும் இரண்டு பாட்டுப் பாடினார், யாரும் திட்டமிடாத அந்த இரண்டு பாட்டும்தான் இன்னும் என் காதில் இருக்கின்றன.

கேள்வி: நானும் வந்திருந்தேன். ராக் குழு பாடியதில் ஒரு வார்த்தை புரியவில்லை, வீட்டுக்குப் போன பிறகும் காது இரைந்தது. சின்ன இடம் என்றால் அப்படித்தானா?
(இசை ஆசிரியை, பழங்காநத்தம்)

பதில்: இல்லை, அது சரிசெய்யக்கூடிய தப்பு. டிரம்ஸ் மைக் இல்லாமலே நூறு டெசிபலைத் தொட்டுவிடும். அதற்கும் மைக் வைத்தார்கள், அதற்கு ஈடுகொடுக்கக் கிதாரின் ஆம்ப்ளிஃபயரை ஏற்றினார்கள், குரலை இன்னும் ஏற்றப்போனால் மைக் ஊளையிடுகிறது. சுற்றிலும் வெறும் சுவர், கீழே டைல்ஸ், அடித்த சத்தமெல்லாம் திரும்பி வந்து வார்த்தைமேல் விழுகிறது. முதலில் குரலைச் சரியாக வைத்துவிட்டு மற்றதையெல்லாம் அதற்குக் கீழே அடக்கவேண்டும். தரையில் ஜமுக்காளம், பின்சுவரில் கனத்த திரை போட்டாலே எதிரொலி நன்றாகக் குறையும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை தாங்கும் காது, 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான் தாங்கும் என்பது கணக்கு. அடுத்த தடவை இயர் பிளக் கொண்டுபோங்கள், ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்காராதீர்கள்.

கேள்வி: எங்கள் ஏரியாவிலும் ஒரு ஹாலில் இப்படி நடத்த ஆசை. என்ன கவனிக்கவேண்டும்?
(திருநகர் வாசகர்)

பதில்: சத்தம்தான் முதல் விஷயம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை மூடிய அரங்குக்குள் தவிர வைக்கக்கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபல், சாதாரணப் பேச்சைவிடக் குறைவு, அதனால் ஆறு மணிக்கே தொடங்கி ஒன்பதரைக்கு முடித்துவிடுங்கள். நாலு குழுவுக்கும் ஒரே டிரம்ஸ் செட் போதும். கடைசியில் வாசிப்பவர்கள் முதலில் சவுண்ட் செக் செய்யட்டும், முதலில் வாசிப்பவர்கள் கடைசியில் செய்தால் மேடை அப்படியே அவர்களுக்குத் தயாராக இருக்கும்.

அப்புறம் பணம். சனிக்கிழமை வாசித்தவர்களில் ஒருவரிடம் பேசினேன், லோடு ஆட்டோவுக்கே கைக்காசு போட்டிருக்கிறார்கள். மனசு கேட்கவில்லை. 200 ரூபாய் டிக்கெட், எண்பது பேர் என்றால் 16,000 ரூபாய் வருகிறது, ஹால் வாடகை, மைக்செட் வாடகையோடு சேர்த்தே குழுக்களின் சம்பளத்தையும் எழுதிவையுங்கள், மிஞ்சினால் பார்க்கலாம் என்று விடவேண்டாம். தெரிந்தவர்களுக்கெல்லாம் ஓசி பாஸ் கொடுக்காதீர்கள். தேதி குறித்ததும் எழுதுங்கள், நானும் டிக்கெட் வாங்கிக்கொண்டே வருகிறேன்.